அடிக்கிற கை

ஒரு காரியத்தைச் செய்கிற கைக்கும் அதைச் செய்யச் சொன்ன வாய்க்கும் இடையில் குற்றம் எப்படிப் பங்காகிறது? புத்தகங்களில் இந்தக் கேள்வியை நான் பலமுறை தாண்டிப் போயிருக்கிறேன். அது என்னை நிறுத்தியது நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், சில வருஷங்களுக்கு முன் ஒரு மாசி மாதத்துக் காலையில்.

நான் வேலை பார்க்கும் வங்கியில் கடன் வாங்கிக் கட்ட முடியாமல் போன ஒருவரின் நிலம், கோர்ட்டு உத்தரவுப்படி ஏலத்துக்கு வந்திருந்தது. இப்படிப்பட்ட அறிவிப்பைச் சொத்தின் அருகிலேயே, தப்படித்தோ வழக்கமான வேறு முறையிலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டம். அமீனா, நான், அந்த ஊர்ச் சேரியிலிருந்து தப்படிக்க ஒரு பெரியவர். அவர் கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அமீனா "அடிப்பா" என்றார். இரண்டு நிமிஷம் அடித்திருப்பார். கடன்காரர் வெளியே வரவில்லை. அவர் மனைவி திண்ணைத் தூணைப் பிடித்தபடி அடிக்கிறவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அமீனாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

பிறகு டீக்கடையில் பெரியவர் சொன்னார்: "அந்த வீட்டுப் பெரியவரு செத்தப்பவும் நான்தான் சார் அடிச்சேன். அந்தம்மாதான் அன்னிக்கு எனக்கு வேட்டி குடுத்தாங்க. இன்னிக்கு அவங்க மூஞ்சியப் பாக்க முடியல சார்." அவருடைய கைநாட்டை வவுச்சரில் வாங்கிக்கொண்டேன். அந்தச் செலவு முறைப்படி கடன்காரர் கணக்கிலேயே ஏறியது. தனக்கு எதிராக அடிக்கப்பட்ட தப்புக்குக் கூலி கொடுத்ததும் அவர்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: பெரியவர் என்ன செய்வார் பாவம், சொன்னதைச் செய்தார், நானும் அப்படித்தான். இந்த இரண்டாவது வாக்கியத்தின் மீதுதான் எனக்குப் பின்னால் சந்தேகம் வந்தது.

எங்கள் பக்கத்தில் பறைக்குத் தப்பு என்று பெயர். அந்த வார்த்தையின் மறு அர்த்தத்தை வைத்துச் சிலேடை செய்வது சுலபம். அது எனக்கு வேண்டாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு வார்த்தை. தமிழில் மேளத்தையும் மனிதனையும் ஒரே வினைச்சொல்லால்தான் அடிக்கிறோம். மொழியில் இருக்கும் இந்த நெருக்கம் ஆங்கில ராணுவத்தில் ஒரு உத்தியோகமாகவே இருந்திருக்கிறது.

பி.ஏ. வகுப்பில் கிப்ளிங்கின் கதை ஒன்று படித்தேன். ஆப்கன் எல்லையில் ரெஜிமெண்ட் சிதறி ஓடும்போது இரண்டு முரசுச் சிறுவர்கள், ஒருவன் குழலும் ஒருவன் முரசுமாக, எதிரியை நோக்கி நடக்கிறார்கள். ரெஜிமெண்ட் வெட்கப்பட்டுத் திரும்புகிறது, சிறுவர்கள் சாகிறார்கள். வகுப்பில் எல்லோரும் நெகிழ்ந்துபோனோம். அந்த உத்தியோகத்தின் மற்றப் பக்கத்தைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ராணுவத்தினரின் அனாதைப் பிள்ளைகளுக்கென்று 1803-ல் லண்டனில் செல்ஸியில் திறந்த விடுதி போன்ற இடங்களிலிருந்து பல பிள்ளைகள் நேரே முரசுக்கும் குழலுக்கும் போனார்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதின் முற்பாதியிலும் முரசுக்காரனுக்கு இன்னொரு கடமை உண்டு. தண்டனை பெற்ற சிப்பாயைக் கட்டிவைத்து ஒன்பது வார்ச் சாட்டையால் அடிப்பது அவன்தான். ஆளுக்கு இருபத்தைந்து அடி என்று முறை மாறும். முரசுத் தலைவர் எண்ணுவார். மெதுவாக அடித்தால் அடிக்கிறவனுக்கே தண்டனை. படையிலிருந்து அவமானப்படுத்தி ஒருவனைத் துரத்துவதற்கென்றே ஒரு மெட்டும் இருந்தது. அதை வாசித்துக்கொண்டே அவனை முகாம் வாசல்வரை கொண்டு விடுவார்கள். ராணுவத்தில் சாட்டையடி முழுதாக ஒழிந்தது 1881-ல். அதே வாத்தியக்காரர்கள்தான் சண்டை தொடங்கியதும் வாத்தியத்தை வைத்துவிட்டுக் காயம்பட்டவர்களைத் தூக்கப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடித்த கையும் தூக்கிய கையும் ஒன்றுதான்.

யாரை இந்த வேலைக்குப் பிடித்தார்கள் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு ஆதாரம் இருக்கிறது. 1795-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, தாய் தந்தை இருவருமே ஐரோப்பியராக இல்லாத எவரையும் ராணுவத்தில் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தது. விலக்கு நான்கு வேலைகளுக்கு மட்டும்: குழல் ஊதுவது, முரசடிப்பது, பாண்டில் வாசிப்பது, குதிரைக்கு லாடம் அடிப்பது. வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவனிடம் துப்பாக்கி கொடுக்கப் பயந்தவர்கள் முரசைக் கொடுத்தார்கள். அவன் திறமையைப் பார்த்துக் கொடுத்ததல்ல அது. மற்றக் கதவுகளையெல்லாம் சாத்திவிட்டுத் திறந்துவைத்த கதவு. இதைப் படித்தபோது எனக்குச் சேரி ஞாபகம் வந்தது. தப்பும் அப்படித்தான் அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இங்கே கலையின் சார்பாக ஒரு வாதம் எழும். சங்கீதம் தன்னை ஏவியவனைத் தாண்டிப் போய்விடும் என்பது அந்த வாதம். இதற்கு எங்கள் வட்டாரத்திலிருந்தே சாட்சி சொல்லலாம். திருவாரூரில் பிறந்தவர் முத்துசாமி தீட்சிதர். நாகப்பட்டினம் நீலாயதாட்சி மேல் நீலாம்பரியில் பாடியவர். குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது கோட்டைப் பாண்டின் மெட்டுகள் அவர் காதில் விழுந்தன. அந்த மெட்டுகளில் ஏறத்தாழ நாற்பதுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித்தருவது இவற்றைத்தான். இங்கிலாந்து அரசனை வாழ்த்துகிற மெட்டு அவர் கையில் சியாமளையைப் போற்றுகிற கீதமாயிற்று. தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். அந்த வாத்தியம் இல்லாமல் இன்று கச்சேரி இல்லை. பாண்டிலிருந்து வந்த கிளாரினெட்டுக்காக ஏ.கே.சி. நடராஜனுக்கு 2008-ல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது.

இதெல்லாம் வாஸ்தவம். ஆனால் தப்பித்துக்கொண்டது மெட்டு. கோட்டையில் அதை வாசித்தவனின் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. தீட்சிதர் காதில் விழுந்த அந்த மெட்டை ஊதியவன் யார், எந்த ஊர்க்காரன், அடுத்த நாள் காலை அவன் யார் முதுகில் எத்தனை அடி அடித்தான்? மெட்டு சுத்தமாவதால் கை சுத்தமாகிவிடுவதில்லை. கலை எல்லாவற்றையும் மன்னித்துவிடும் என்கிறவர்கள், மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களுடைய இடத்தில் ஒரு ராகத்தை நிறுத்திவிட்டுப் போகிறார்கள்.

இன்னொரு வாழ்க்கை. 1897 அக்டோபர் 20, வடமேற்கு எல்லையில் தர்காய் குன்று. கார்டன் ஹைலாண்டர்ஸ் படையின் பைப் வாத்தியக்காரர் ஜார்ஜ் ஃபிண்ட்லேட்டர் காலில் சுடப்பட்டு விழுந்தார். நடக்க முடியாமல் உட்கார்ந்தபடியே, குண்டுகளுக்கு நடுவில் தொடர்ந்து வாசித்தார். விக்டோரியா சிலுவை கிடைத்தது. காயத்தால் ராணுவத்திலிருந்து விலக்கப்பட்டவர் லண்டன் கேளிக்கை அரங்குகளில் மேடையேறிக் காசுக்கு வாசித்தார். உடனே மேலிடத்துக்குச் சங்கடம் வந்துவிட்டது: இவ்வளவு உயர்ந்த விருதைப் பெற்றவன் இப்படிச் செய்யலாமா? உத்தரவுப்படி ஆட்களைச் சாவுக்கு அழைத்துப்போக வாசித்தால் வீரம். அதே வாசிப்பைத் தன் வயிற்றுக்காகத் தானே விற்றால் கேவலம். அந்தச் செயல் தன்னுடையது என்று அவர் சொந்தம் கொண்டாடியதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. கை கையாகவே இருக்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் இருப்பது தெரியக் கூடாது.

இந்த இடத்தில்தான் என் பஸ் வாக்கியம் எனக்குப் பொய்யாகத் தெரிகிறது. 'நானும் சொன்னதைச் செய்தவன்தான்' என்று நான் சொல்லும்போது பெரியவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன். அவருக்கு இருக்கும் ஒரே சமாதானத்தில் பங்கு கேட்கிறேன். என் வேலைக்குப் பரீட்சை எழுதினேன். வேறு பரீட்சைகளும் இருந்தன. அந்தக் கடன் கோப்பில் தவணையை மாற்றி அமைக்கலாமா என்று மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம். பலன் இருந்திருக்குமா என்பது வேறு விஷயம், நான் எழுதவில்லை. குற்றத்தை அளப்பதற்குக் கோலுக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றோம் என்பது சரியான அளவு அல்ல. நமக்கு வேறு எத்தனை கதவுகள் திறந்திருந்தன என்று பார்க்க வேண்டும். அந்த அளவில் முரசுச் சிறுவன் கடைசியில் வருகிறான். முதலில் வருகிறவர்கள் சத்தம் கேட்காத தூரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள். நான் நடுவில், ஆனால் அவர்கள் பக்கமாக நிற்கிறேன்.

அப்படியானால் பெரியவர் மேல் குற்றமே இல்லையா? அப்படி முழுதாக விடுதலை கொடுப்பதும் ஒருவகையில் அவரைக் கோலோடு சேர்த்துவிடுவதுதான். அவர் அந்த விடுதலையைக் கேட்கவும் இல்லை. மூஞ்சியைப் பார்க்க முடியவில்லை என்றார். எங்கள் மூவரில் அன்று வெட்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். வெட்கப்பட வேண்டிய அவசியம் மிகக் குறைவாக இருந்தவரும் அவர்தான். அந்த வெட்கத்தை நான் தத்துவம் பேசி அவரிடமிருந்து எடுத்துவிட முடியாது. அது அவருடைய மனுஷத்தனம்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் அந்த அம்மாளின் பார்வையில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. உத்தரவுக்கும் அதை அனுபவிக்கிறவனுக்கும் இடையில் எல்லோரிலும் தாழ்ந்த ஒருவனை வாத்தியத்தோடு நிறுத்திவைத்தால், வெறுப்பு அவன்வரை வந்து நின்றுவிடும். அடிபட்ட சிப்பாய்க்குத் தெரிந்த முகம் முரசுக்காரனுடையது. அதற்கு மேல் அவன் கண் போகாது.

2022 ஆகஸ்டில் தமிழகத் தலைமைச் செயலாளர், தண்டோரா வழக்கம் இனி வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி வைத்து அறிவித்தால் போதும் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். நல்ல காரியம், ஒரு மனிதனின் கழுத்திலிருந்து ஒரு இழிவு இறங்குகிறது. ராணுவ வாத்தியக்காரர்களை 1857 முதல் பயிற்றுவித்த நெல்லர் ஹால் பள்ளியைக்கூட 2021-ல் மூடிவிட்டார்கள். எங்கள் ஊரிலோ தோள்பட்டையில் சரிகை வைத்த அந்தச் சிவப்புக் கோட்டைக் கல்யாண ஊர்வலத்துப் பாண்டுக்காரர்கள் இன்னும் போட்டுக்கொள்கிறார்கள்.

தப்பு போனாலும் அறிவிப்பு போகவில்லை. ஒலிபெருக்கியை யாரும் முறைத்துப் பார்க்க முடியாது என்பதுதான் வித்தியாசம். அடுத்த முறை தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருத்தியின் பார்வை எங்கே போய் நிற்கும் என்று யோசிக்கிறேன். அது என்மேல் வந்து நின்றால், அதுதான் சரியான முகவரி. அப்போது நான் தலையைக் குனிந்து வவுச்சரைத் தேடாமல் இருக்க வேண்டும்.