பின்சுவரோரம் நிற்கும் நாய்

நாய்க் காப்பகத்துக்குள் நுழைந்ததும் கம்பியருகே ஓடிவந்து வாலாட்டும் குட்டிதான் பெரும்பாலும் வீடு போய்ச் சேருகிறது. அழைத்துப் போகிறவர்களுக்கும் அதில் ஒரு பெருமை: "அதுவே நம்மளத் தேடி வந்துருச்சு!" பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாலை இடுக்கி, முகத்தைத் திருப்பி நிற்கும் இன்னொன்றை யாரும் கேட்பதில்லை. நம்மைத் தேடி வருகிறவர்களிடம் மட்டும்தான் நாம் அன்பு வைக்க வேண்டுமா? கொஞ்ச நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

காரணம் ஒரு பெண் நாய். தஞ்சாவூருக்கு வெளியே, வயல்களை ஒட்டிய ஒரு காப்பகத்தில் இருக்கிறது. எட்டு மாதம் இருக்கும். நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நெல் கொள்முதல் நிலையம் ஒன்றின் வாசலில், லாரியில் அடிபட்டுச் செத்த தாயின் பக்கத்தில் கிடைத்ததாம். "அது கிட்ட வராதுங்க. வேற ஏதாச்சும் பாருங்க" என்றார் அங்கே சோறு வைக்கும் அம்மா. வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பிவிடக் கூடாதே என்ற அக்கறை அவருக்கு. அவர் தட்டை வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் செவலை சாப்பிட வந்தது. சாப்பிடும்போதும் ஒரு கண் எங்கள் மேலேயே இருந்தது.

அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்ணின் அர்த்தம் புரியும். குறுவையோ சம்பாவோ, நெல்லைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, தங்கள் முறை வரும்வரை விவசாயிகள் குவியலோடு காவல் கிடப்பார்கள். மழை வந்தால் தார்ப்பாயோடு ஓடுவார்கள். அவர்கள் சாப்பிட்ட மிச்சத்துக்கு நாய்கள் வந்து சேரும். குட்டிகளுக்கு அங்கே நிழல் என்றால் நிற்கிற லாரிக்கு அடியில்தான். அதே லாரிதான் மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பும். ஒரே ஆள் காலையில் சோறு வைப்பார். நெல்லில் ஏறிப் படுத்தால் மத்தியானம் கல்லெடுத்து வீசுவார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அந்த நெல் அவருடைய பல மாதப் பாடு. ஆனால் குட்டி அதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்கிறது.

கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் அவர்கள் வெளியிட்ட முடிவைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. ஏழு மாத வயதைத் தொட்டவை 19 சதவீதம். இறந்தவற்றில் 63 சதவீதத்துக்கு மனிதர்களே ஏதோ ஒரு வகையில் காரணம். எந்தக் குணமுள்ள குட்டி பிழைத்தது என்பது அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் எனக்குத் தோன்றுவது இது: செவலை பிழைத்ததற்கு அதன் பயமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். தெருவில் அதன் உயிரைக் காத்த குணமே காப்பகத்தில் அதற்குக் குறையாகிவிட்டது.

நாய்க்குட்டி மனிதரோடு பழகிக்கொள்ளும் பருவம் மிகக் குறுகியது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூவர் உயரமான வேலிக்குள் மனித வாடையே படாமல் குட்டிகளை வளர்த்துப் பார்த்தார்கள். 1961இல் வெளியான ஆய்வு அது. நடுவில் ஒரு வாரம் மனிதர்களோடு இருந்துவிட்டுப் போன குட்டிகள் பிறகு இணங்கின. பதினான்கு வாரம் வரை ஆளையே பார்க்காதவை மிரண்டே நின்றன. செவலைக்கு அந்த வாரங்கள் லாரிச் சத்தத்தில் கழிந்துபோயின. அதை ஈடுகட்டப் பொறுமையுள்ள ஒருவர் வேண்டும்.

நாமோ செய்த அன்புக்கு அன்றைக்கே பதில் எதிர்பார்க்கிறோம். உறவில் அப்பாவை இழந்து நம் வீட்டுக்கு வந்து தங்கும் பிள்ளை நாலு நாள் பேசாவிட்டால், "முகங்கொடுத்துப் பேச மாட்டேங்குது" என்று குறைப்படுகிறோம். அடிபட்ட உயிர் நம்மை நம்புவதற்கு முன் நம்மைச் சோதித்துப் பார்க்கும். அந்த உரிமை அதற்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

தெருநாய் என்றால் ஊரில் இன்றைக்கு இருக்கும் பயமும் நியாயமானதுதான். நாய்க்கடியும் ரேபிஸும் விளையாட்டல்ல. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவில், தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்று சொன்னது. தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு என்றும் சொன்னது. அந்த நிபந்தனை சரியானது. கூச்சமுள்ள நாயை எடுக்கிறவர் அதை இன்னும் கவனமாக எண்ணிப் பார்க்க வேண்டும். திறந்த கதவைப் பார்த்தால் முதலில் ஓடப்போவது அதுதான்.

அதனால் தீபாவளிக்கு முந்தின வாரம் அழைத்து வராதீர்கள். வெடிச்சத்தத்தில் எல்லாம் பாழாகிவிடும். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி விடியுமுன் பாட ஆரம்பிக்கும் தெரு என்றால் தை பிறக்கட்டும். தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் தடுப்பூசி, கருத்தடைக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, விசாரியுங்கள். வீட்டில் சந்தடி இல்லாத ஒரு மூலையைக் கொடுங்கள். கண்ணுக்கு நேர் பார்க்காமல், பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள். அதுவாக வரும்வரை தொடாதீர்கள். வந்த பிறகு தாராளமாகத் தடவிக்கொடுங்கள். பத்ராவின் குழு 2017இல் கண்டதும் இதுதான்: பழக்கமில்லாத மனிதர்களில், கூடுதலாகத் தீனி போட்டவரைவிடத் தலையைத் தடவிக்கொடுத்தவரிடமே தெருநாய்கள் அதிகம் நம்பிக்கை வைத்தன.

அடுத்த முறை காப்பகத்துக்குப் போனால் ஓடிவரும் குட்டியைக் கொஞ்சுங்கள். அதற்கு எப்படியும் ஒரு வீடு கிடைத்துவிடும். பிறகு அங்கே இருப்பவரிடம், யாரும் கேட்காத நாய் எது என்று கேட்டு, அதன் எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு முடிவெடுங்கள்.