எந்திரத்துக்கும் ஒரு கைப்பிடிச் சுவர்

திருப்பலியின் தொடக்கத்தில் நாம் பாவ அறிக்கை செய்யும்போது, எண்ணத்தாலும் சொல்லாலும் செயலாலும் இழைத்த குற்றங்களோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறோம். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்ட குற்றம் அது. அதனை எண்ணிப் பார்க்கும்போது நம் நினைவுக்கு வருபவை பெரும்பாலும் பார்க்கப் போகாத நோயாளி, கொடுக்காத தருமம், சொல்லாத ஆறுதல் ஆகியவையே. இறுக்காமல் விட்ட ஒரு நட்டும், கழற்றி மூலையில் போட்ட ஒரு தகரக் காப்பும், கல் பொறுக்காமல் எந்திரத்தை இறக்கிய ஒரு வயலும் அப்பட்டியலில் இடம்பெறுவதுண்டா? ஒரு கருவியைச் சரிவரப் பொருத்தாமலும் பேணாமலும் விடுவது வெறும் கவனக்குறைவா, அல்லது பாவமா? இதனை ஓர் எளிய வேளாண் கருவியை முன்வைத்துச் சிந்திக்க விழைகிறோம்.

மந்தைவெளியில் வாழும் நமக்கு இச்சிந்தனை எதற்கு என்று சிலர் கேட்கலாம். மந்தைகள் மேய்ந்த வெளி என்னும் பொருள் இன்று பெயரில் மட்டுமே தங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரிபவை அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பறக்கும் ரயில் நிலையமுமே. ஆயினும் இந்த அடுக்குமாடிகளில் குடியிருப்போருள் பலருக்கு மதுராந்தகத்திலோ செய்யூரிலோ திண்டிவனத்திலோ பாட்டன் விட்டுச் சென்ற ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலம் இன்னும் இருக்கிறது. நாம் ஏர் பிடிப்பதில்லை. ஊரிலுள்ள உறவினரிடம் தொலைபேசியில் பேசிப் பயிர் செய்விக்கிறோம். வாடகை டிராக்டர் வரும்; மணிக்கு இவ்வளவு என்று பணம் அனுப்புவோம்; வேலை முடிந்ததா என்று கேட்போம். எப்படி முடிந்தது என்று கேட்பதில்லை. நிலமே இல்லாதவர்களும் காலைக் காப்பிக்குச் சர்க்கரை போடுகிறோம். ஆகவே கரும்பு வயலில் நடப்பது நம்மோடு தொடர்பற்றதன்று.

மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை படாளத்தில் அமைந்திருப்பதால் அச்சுற்றுவட்டாரத்தில் கரும்பு பழகிய பயிர். வெட்டு முடிந்ததும் ஏக்கருக்கு மூன்று நான்கு டன் அளவுக்குச் சோகை வயலில் கிடக்கும். அதற்குத் தீ வைப்பது பழைய வழக்கம். தீயினால் புகை எழுகிறது. மண்ணுக்குச் சேர வேண்டிய சத்து சாம்பலாகிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் கருகுகின்றன. இதற்கு மாற்றாக வந்ததே டிராக்டரின் பின்னால் பூட்டி ஓட்டும் சோகை தூளாக்கும் கருவி. அது சோகையைத் துண்டு துண்டாக்கி நிலத்தின்மீது மூடாக்காகப் பரப்புகிறது. ஈரம் காக்கப்படுகிறது, களை குறைகிறது, மறுதாம்புப் பயிர் செழிக்கிறது. படைப்பைப் பேணும் கடமையை 2015-ஆம் ஆண்டு தம் 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் வலியுறுத்தினார். அக்கடமைக்கு உகந்த கருவி இது என்பதில் ஐயமில்லை. மேலை நாடுகளில் புல்லையும் புதரையும் வெட்டப் பயன்படும் எந்திரமும் இதே அமைப்பினதே.

அதன் அமைப்பைச் சற்றே அறிந்துகொள்வோம். ஐரோப்பிய உழவர் முற்காலத்தில் ஒரு நீண்ட கோலின் நுனியில் குறுந்தடி ஒன்றைத் தோல்வாரால் பிணைத்து, அதனைச் சுழற்றிக் கதிரடித்தார்கள். அந்தத் தத்துவமே இங்கும் செயல்படுகிறது. கிடைமட்டமான இரும்பு உருளை ஒன்றில் பல கத்திகள் இறுகப் பற்றவைக்கப்படாமல், தாமே அசையும்படி முளைகளில் தொங்கவிடப்பட்டிருக்கும். உருளை சுழலும்போது அவை விறைத்து நின்று வெட்டும். கல் தட்டினால் பின்னோக்கி மடங்கும். டிராக்டரின் பின்புறத்துச் சுழல்தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுற்றுகிறது. அவ்விசை இணைப்புத் தண்டின் வழியே 'கியர் பாக்ஸ்'க்கும், அங்கிருந்து 'பெல்ட்' வழியே உருளைக்கும் செல்கிறது. உருளை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 முறை சுற்றுவதாகவும், கத்தி நுனிகள் வரையும் வட்டத்தின் விட்டம் 45 செ.மீ. என்றும் கொண்டால், அந்நுனிகள் மணிக்கு ஏறத்தாழ 170 கி.மீ. வேகத்தில் பாய்கின்றன. அந்த வேகத்தில் ஒரு கூழாங்கல் அடிபட்டால் அது தோட்டாவாகப் பறக்கும். இணைப்புத் தண்டோ நொடிக்கு ஒன்பது சுற்றுச் சுற்றுகிறது. அதில் வேட்டி நுனியோ துண்டோ சேலைத் தலைப்போ சிக்கினால், சிக்கியவர் கூவி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எனவேதான் பூட்டும் வேலையே பாதிக் காவலாகிறது. கருவி இரு பக்கமும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். கத்திகள் மண்ணைத் தொடாதபடி பின் உருளையின் உயரத்தை அமைக்க வேண்டும். மண்ணைக் கொத்தினால் கத்தியும் தேயும், கல்லும் தெறிக்கும். இணைப்புத் தண்டின் உள்குழாயும் வெளிக்குழாயும் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது ஒன்றினுள் ஒன்று இருக்க வேண்டும். கருவியைத் தூக்கும்போது அவை முட்டிக்கொள்ளவும் கூடாது. தண்டின்மேல் அதன் காப்புக்குழாயும், பின்புறத்தில் கல்லைத் தடுக்கும் 'ரப்பர்' திரையும் இருந்தே ஆக வேண்டும். எந்திரம் இறங்கும் முன் ஒருவர் வயலை நடந்து பார்த்துக் கல், கம்பி, உடைந்த குழாய் ஆகியவற்றை அகற்ற வேண்டும்.

பேணுதலும் அத்தகையதே. இணைப்புத் தண்டின் மூட்டுகளுக்கும் உருளையின் 'பேரிங்'குகளுக்கும் நாள்தோறும் 'கிரீஸ்' வைக்க வேண்டும். 'கியர் பாக்ஸ்' எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு கத்தி உடைந்தால் அதனோடு எதிர்ப்புறத்துக் கத்தியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் எடை ஏறுமாறாகி, உருளை அதிர்ந்து, 'பேரிங்' சிதையும். பழைய நட்டு போல்ட்டையே புதிய கத்திக்குப் பயன்படுத்துவது மிச்சம்போலத் தோன்றும். அந்த மிச்சத்தின் விலை ஓர் உயிராகவும் இருக்கலாம். இவற்றையெல்லாம் பார்க்கும் முன் டிராக்டரை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, உருளை முற்றிலும் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். விசை நின்ற பின்னும் அது சிறிது நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மயிலை மண்ணோடு பிணைந்த தூய தோமா, பிறர் சொன்னதை அப்படியே ஏற்காமல் தொட்டுப் பார்க்க விரும்பினார். 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்னும் சொல்லை ஏற்காமல், நின்ற எந்திரத்தை ஒவ்வொரு கத்தியாகத் தொட்டுப் பார்க்கிற ஓட்டுநரும் ஒருவகையில் அவர் வழி நடப்பவரே.

இவற்றில் எதுவும் கடினமான வேலையன்று. பின் ஏன் விடுபட்டுப் போகின்றன? விடை வாடகைக் கணக்கில் இருக்கிறது. மணிக்கணக்கில் பணம் தரும் நிலத்துக்காரருக்குக் கல் பொறுக்கும் அரைமணி வீண் செலவாகத் தெரிகிறது. ஏக்கர் கணக்கில் பணம் வாங்கும் டிராக்டர் உரிமையாளருக்கோ 'கிரீஸ்' வைக்கும் கால்மணி இழப்பாகத் தெரிகிறது. சோகை அடைக்கும்போதெல்லாம் காப்பைக் கழற்றி மாட்டுவது தொல்லை என்று அது ஒருநாள் கழற்றப்படுகிறது, பிறகு மாட்டப்படுவதேயில்லை. இடையில் நிற்பவர் கூலிக்கு ஓட்டும் ஓட்டுநர். வரப்போரம் வேடிக்கை பார்க்க வந்து நிற்பவர் ஒரு சிறுவன். விபத்து நேர்ந்தால் உரிமையாளர் ஓட்டுநரைச் சுட்டுவார். ஓட்டுநர் அவசரப்படுத்தியவரைச் சுட்டுவார். மந்தைவெளியிலிருந்து பணம் அனுப்பிய நாம், 'நான் அங்கே இல்லையே' என்போம்.

அங்கே இல்லாதவருக்குப் பொறுப்பில்லை என்பது சரியா? விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரம் முட்டும் மாட்டைப் பற்றிப் பேசுகிறது. அதுவரை முட்டாத மாடு திடீரென ஒருவரை முட்டிக் கொன்றால் மாட்டுக்காரர் குற்றவாளியல்லர். ஆனால் அது முட்டும் மாடு என்று எச்சரிக்கப்பட்டும் அவர் கட்டிவைக்கவில்லை என்றால் பழி அவர்மீதே விழும். முட்டிய வேளையில் அவர் அருகில் இருந்தாரா என்று அச்சட்டம் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததா என்றே கேட்கிறது. மந்தை மேய்ந்த இவ்வெளியில் அன்று மாடு மேய்த்தவர்களுக்கும் இந்நியாயம் புரிந்திருக்கும். நம் எந்திரம் முட்டும் என்பது நமக்குத் தெரியும்.

எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பவும் இயலாது. கத்தோலிக்க அறநெறி இயல் அறியாமையை இரண்டாகப் பகுக்கிறது. எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒன்று. ஒரு கேள்வி கேட்டிருந்தால் நீங்கியிருக்கக்கூடிய அறியாமை மற்றொன்று. முன்னது மன்னிக்கப்படும். பின்னதோ பல வேளைகளில் நாமே விரும்பித் தேடிக்கொண்டது. கேட்டால் செலவு வரும் என்பதாலேயே கேட்காமல் இருந்துவிடுகிறோம்.

இணைச்சட்ட நூல் 22-ஆம் அதிகாரத்தில் இன்னும் ஒருபடி மேலே போகிறது. புது வீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும்; இல்லையேல் அங்கிருந்து யாரேனும் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்கிறது. விழப்போகிறவர் யார் என்று கட்டுகிறவருக்குத் தெரியாது. இன்னும் பிறவாத குழந்தையாகவும் அவர் இருக்கலாம். முகம் தெரியாத அயலாருக்காக, விபத்து நேரும் முன்னரே செலவு செய்யச் சொல்லும் சட்டம் இது. வேட்டி சிக்காமல் காக்கும் காப்புக்குழாயும், கல்லைத் தடுக்கும் 'ரப்பர்' திரையும் எந்திரத்தின் கைப்பிடிச் சுவர்கள். நம் மொட்டைமாடியில் சுவர் இல்லாவிட்டால் குழந்தைகளை அங்கே விடமாட்டோம். நம் வயலில் மட்டும் பிறர் பிள்ளைகளை எப்படி விடுகிறோம்?

நாட்டின் சட்டமும் இதை அறியாததன்று. கதிரடிக்கும் எந்திரங்களில் தொழிலாளர் கைகளை இழந்துவந்த காலத்தில், 1983-ஆம் ஆண்டு அபாயகரமான எந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. எந்திரத்தை இயக்குபவரின் பாதுகாப்பையும், உயிரோ உறுப்போ இழந்தால் இழப்பீட்டையும் அது நோக்கமாகக் கொண்டது. ஆயினும் ஒவ்வொரு வரப்பிலும் ஒரு ஆய்வாளரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. சட்டம் எட்டாத இடத்தில்தான் மனச்சான்றின் வேலை தொடங்குகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட 'லபோரெம் எக்செர்சென்ஸ்' என்னும் சுற்றுமடல், நேரடியாகக் கூலி கொடுப்பவரை மட்டுமன்றி, வேலையின் நிலைமைகளைப் பின்னின்று தீர்மானிக்கும் மனிதர்களையும் நிறுவனங்களையும், சிறப்பாக அரசையும், மறைமுக முதலாளி என்று குறித்தது. அவ்வெளிச்சத்தில் பார்த்தால், தொலைபேசியில் வாடகை பேசும் நம் குரலும் வயலின் நிலைமைகளைத் தீர்மானிக்கும் குரல்களுள் ஒன்றே.

இங்கே நேர்மையான ஓர் ஐயம் எழலாம். நாம் உண்ணும் ஒவ்வொரு பிடி சோற்றின் பின்னும், போடும் ஒவ்வொரு கரண்டிச் சர்க்கரையின் பின்னும் எத்தனையோ எந்திரங்கள்; எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்றால் ஒருவரும் மூச்சுவிட முடியாதே? உண்மைதான். இறைவன் நம்மிடம் எட்டாததைக் கேட்பதில்லை. ஆனால் எட்டியதை விட்டதற்குக் கணக்குக் கேட்பார். எட்டுவது எது? கல் பொறுக்கும் நேரத்துக்கும் எந்திரத்தைச் சரிபார்க்கும் நேரத்துக்கும் சேர்த்தே வாடகை பேசலாம். அதில் பேரம் பேசாதிருக்கலாம். காப்பு மாட்டியிருக்கிறதா, கத்திகள் பார்க்கப்பட்டனவா, வயலைச் சுற்றிச் சிறுவர்கள் இல்லையே என மூன்று கேள்விகளைத் தொலைபேசியிலேயே கேட்கலாம். பணம் தருபவர் கேட்கும் கேள்வியை எவரும் எளிதில் தள்ளிவிடுவதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையின் தலைமை அலுவலகம் நமக்கு அருகிலுள்ள நந்தனத்திலேயே இருக்கிறது. கருவிகளைப் பற்றிய விவரம் கேட்டறிய விரும்புவோர்க்குத் தொலைவும் ஒரு சாக்கன்று.

நம் மக்கள் புது வண்டியைக் கோவில் வாசலில் நிறுத்தி மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கச் செய்வது அழகிய வழக்கம். உழவரின் பாதுகாவலரான புனித இசிதோர் செபத்தில் மூழ்கியிருந்தபோது வானதூதர்கள் அவருக்காக ஏர் ஓட்டினார்கள் என்பது மரபு. வானதூதர்கள் அவருக்கு உதவியது, அவர் வேலையைத் தட்டிக்கழித்ததற்காக அன்று. அவர் உண்மையான உழைப்பாளி என்பதை ஊராருக்குக் காட்டவே என்று நாம் கொள்ளலாம். மந்திரித்த எந்திரத்தின் நட்டை இறுக்காமல் விட்டுவிட்டுக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்பது விசுவாசம் ஆகாது. கடவுள் நம் கைகளில் கொடுத்த வேலையை அவரிடமே திருப்பித் தள்ளுவது அது. தீர்த்தம் தெளிக்கப்பட்ட எந்திரத்தை நாள்தோறும் பேணுவதே அந்த ஆசீருக்கு நாம் சொல்லும் ஆமென்.

பேணாமை பாவமா என்று தொடக்கத்தில் கேட்டோம். முட்டும் என்று தெரிந்தும் கட்டாமல் விடுவது பாவமே. தெரிந்துகொள்ள விரும்பாமல் இருப்பதும் அதனின்று வெகுதொலைவில் இல்லை. அதுபோலவே, யாரும் பாராட்டாத ஒரு காலை வேளையில் கையில் கிரீஸ் படிய ஒரு தண்டின் காப்பைச் சரிபார்ப்பது பிறரன்பே. அன்று மாலை ஓட்டுநர் இரு கைகளோடு வீடு திரும்புவார். யாரால் திரும்பினோம் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலேயே செய்யப்படும் இத்தகைய நன்மைகளை மறைவில் காணும் தந்தை அறிவார். அடுத்த முறை பாவ அறிக்கையில் அந்த நான்காவது சொல்லுக்கு வரும்போது, நமக்காக எங்கோ சுழன்றுகொண்டிருக்கும் ஓர் எந்திரத்தையும், அதன் அருகே நிற்கும் மனிதரையும் நினைத்துக்கொள்வோம்.