விற்ற பொருளும் விடாத பற்றும்

உலகிற் பிறந்த உயிர்கள் ஒரு பொருளைப் பெறுங்கால் மகிழ்தலும், அதனைப் பிரியுங்கால் வருந்துதலும் யாவரும் அறிந்தனவே. பிரிந்த பொருளோ அறிவில்லாத சடம்; வருந்துவதோ அறிவுடைய உயிர். அறிவுடையது அறிவில்லாததன் பொருட்டு வருந்துவது எற்றுக்கு என்பதை, இக்காலத்து நிகழும் ஒரு செய்தியை முன்வைத்துச் சித்தாந்த நெறி நின்று ஆராய்வாம்.

ஜப்பானியரது மிட்சுபிஷி நிறுவனத்தின் லான்சர் என்னும் கார் 1998ஆம் ஆண்டு முதல் நம் திருவள்ளூரிலேயே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. அதன் வழியினதாகிய சிடியா 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. விரைவுக்கும் பந்தயத்துக்கும் பெயர் பெற்ற இவ்வண்டிகள் இப்பொழுது செய்யப்படுவதில்லை. ஆதலின், வைத்திருப்போர் இவற்றைக் கிடைத்தற்கரிய பொருளாகப் போற்றுவர். சைலன்சரை மாற்றுவர், ஸ்பிரிங்கைத் தாழ்த்துவர், வேறு சக்கரம் பூட்டுவர், ஊதியத்தில் மிஞ்சிய பணத்தையும் ஓய்வு நாளையும் அதன்கண்ணே செலவிடுவர். கடலூரிலிருந்து சிதம்பரஞ் செல்லும் நெடுஞ்சாலையில் அத்தகைய வண்டியொன்றைச் செலுத்தி மகிழ்ந்தவன் ஒருவன், தந்தையின் மருத்துவச் செலவின்பொருட்டு அதனை விற்கின்றான் என்று கொள்வோம். கடமை நிறைவேறியும் அவன் நெஞ்சு ஆறவில்லை. அவனுக்கு நாம் கூறத்தக்கது யாது?

"உலகம் பொய்; வண்டியும் பொய்; பொய்ப்பொருட்கு வருந்துதல் பேதைமை" என்பர் மாயாவாதியர். அது நம் கொள்கையன்று. மாயை உள்பொருள், அதன் காரியமாகிய தனு கரண புவன போகங்கள் ஆணவ இருளிற் கிடந்த உயிர் சிறிதேனும் அறிவு விளங்கும்பொருட்டு இறைவனாற் கூட்டப்பட்டன. ஆகலின் அவ்வண்டியும் மெய். அதனைச் செப்பஞ் செய்த கைத்திறனும் மெய். பிரிவால் வந்த துயரும் மெய். பிழை வேறிடத்தே உளது. உயிர் எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையாய் நிற்பது அதன் இயல்பு. தன் கையால் திருத்திய பொருளிலே தன்னையே காண்கின்றது. 'எனது' என்றது நாளடைவில் 'யான்' என்றே ஆகின்றது. அதனாலே வண்டியை விற்றவன் தன்னையே விற்றாற்போல வருந்துகின்றான்.

இவ்வுண்மையை உலகியற் சட்டங்கொண்டும் அறியலாம். மோட்டார் வண்டியை விற்றவன், வாங்குவோன் இம்மாநிலத்தவனாயின், 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். வண்டி கைமாறியும் பதிவேட்டிற் பெயர் மாறாதாயின், விபத்து நேர்ந்துழிப் பதிவிலுள்ளவனே உரிமையாளனாய் ஈடு செய்யவேண்டுமென 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்ளமாகிய பதிவேடும் இத்தன்மைத்தே. பொருள் போயும் 'எனது' என்னும் எழுத்து அழியாதாயின், அதனால் வரும் இன்பதுன்பங்கட்கு உயிரே பொறுப்பாகும்.

அற்றேல் அவ்வெழுத்தை அழிப்பது யாங்ஙனம்? பற்றை அறுத்தெறிதல் மட்டும் போதாதோ எனின், போதாது. உயிர் ஒரு சார்புமின்றித் தனித்து நில்லாது. ஒரு வண்டியை விட்டது நாளை மற்றொரு வண்டியைப் பற்றும். அன்றி, "யான் துறந்தேன்" என்னும் செருக்கையேனும் பற்றும். இதற்குத் தில்லை வீதியே சான்று. கி.பி. 1313இற் சங்கற்ப நிராகரணம் அருளிய உமாபதி சிவாசாரியர், பூசனை முடித்துப் பகற்பொழுதிலே தீவட்டி முன்செல்லச் சிவிகையூர்ந்து வந்தனர் என்றும், அதுகண்ட மறைஞானசம்பந்தர், செத்த மரமொன்று பகலிலே கண் தெரியாதான் ஒருவனைச் சுமந்து செல்கின்றது என நகைத்தனர் என்றும் வரலாறு கூறும். உமாபதியார் சிவிகையினின்றும் இழிந்தார். இழிந்ததோடு நின்றாரல்லர்; அவ்வாசிரியரைப் பின்றொடர்ந்தார். ஊர்தி நீங்கியது அவருக்கு இழப்பாகாதொழிந்தது அதனாலேயாம்.

கணம்புல்ல நாயனார் வரலாறும் இதனை வலியுறுத்தும். வெள்ளாற்றின் தென்கரை இருக்குவேளூரிற் பிறந்து பெருவளம் படைத்திருந்த அவர், வறுமை வந்துழித் தில்லையடைந்து, மனைப்பொருள்களை விற்றுத் திருப்புலீச்சரத்தில் விளக்கிட்டார். அவையும் தீரப் புல்லரிந்து விற்றார். புல்லும் விலைபோகாதபோது அதனையே எரித்தார். அதுவும் போதாதாக, தம் தலைமயிரை எரித்தார். விற்ற பொருளை நினைந்து அவர் வருந்தியதாகச் சேக்கிழார் பெருமான் யாண்டுங் கூறிற்றிலர். அவர் கண் சென்றது விளக்கின்மேல்; போன பொருளின்மேலன்று.

ஆகவே நம் அன்பன் செய்யத்தக்கன இரண்டு. ஒன்று வாய்மை. வண்டியில் தான் மாற்றியவை அனைத்தையும் வாங்குவோனுக்கு ஒளியாது உரைத்தல் வேண்டும். செய்தோர் வகுத்த அமைப்பினின்றும் வண்டியை மாற்றலாகாதென 2019ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உரைத்திருத்தலின், மறைப்பது வாங்குவோனை இடரில் வீழ்த்தும். மற்றொன்று, அவ்விலைப்பொருள் சென்ற இடத்தை நோக்குதல். தந்தையின் நோய் தீர்க்க அது சென்றது; அவ்வுதவியைச் செய்வித்தவன் இறைவனெனக் கருதின், வருத்தம் வழிபாடாகும். யாமே அவன் அடிமை. அடிமைக்குத் தனியே உடைமை யாது? ஆனியினும் மார்கழியினும் தில்லைத் தேர் வடத்தைப் பற்றியிழுக்கும் பல்லாயிரவருள் அத்தேரை 'எனது' என்பார் ஒருவருமிலர். அதனால் மகிழாதாரும் ஒருவருமிலர். அம்மகிழ்ச்சியை அறிந்த நெஞ்சுக்கு, விற்ற வண்டி பாரமாகாது.

திருச்சிற்றம்பலம்