வந்ததே வழியா?

வாங்கும்போதே வந்த இயங்குதளம் என்பதால் அதையே ஏற்கிறோம். வந்ததற்குத் தலைவணங்குவது தேர்வாகுமா?

கூகுளின் பிக்சல் கைப்பேசியில், ஆலை தந்ததை அகற்றி, விலையின்றிக் கிடைக்கும் கிராபீன்ஓஎஸ் இயங்குதளத்தை நிறுவலாம். அதில் கூகுள் பிளே சேவைக்கும் தனிச்சலுகை இல்லை. மற்றச் செயலிகளோடு சமமாய் நிற்கவேண்டியதே! தொடர்பு எண்களைக் கேட்கும் செயலிக்கு, நாம் தேர்ந்தவற்றை மட்டுமே காட்டலாம். இடரும் உண்டு: சில வங்கிச் செயலிகள் அதில் இயங்க மறுக்கின்றன.

'மறைக்க நம்மிடம் என்ன உண்டு?' என்பர் சிலர். அந்த எண்கள் நம்முடையனவா? நம்மை நம்பித் தோழர்கள் தந்த அடைக்கலப் பொருள் அன்றோ! கேட்பார்க்கெல்லாம் அதை வாரி வழங்க நமக்கேது உரிமை?

புதியதையும் கண்மூடி ஏற்கவேண்டா. ஆராய்ந்தபின் ஆலை தந்ததே போதுமெனினும் அது நம் முடிவு. ஆராயாது ஏற்பதோ அடிமைத்தனம்!