பின் ஸீட்டில் ஒரு உயிர்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர். கல்யாணப் பட்டு எடுக்க பைக்கிலேயே போய் வருகிறவர்கள் உண்டு. முன்னால் கணவர். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து மனைவி. மடியில் ஜவுளிக்கடைப் பை. இந்த இருவரில் யாருக்குத் தைரியம் அதிகம், சொல்லுங்கள்?

ஓட்டுகிறவருக்கு என்றுதானே நினைக்கிறீர்கள்? அவர் கையில் பிரேக் இருக்கிறது, கண்ணெதிரே சாலை இருக்கிறது. பின்னால் இருப்பவரிடம் என்ன இருக்கிறது? ஒரு முதுகு. பள்ளம் வந்ததே தூக்கிப் போட்ட பிறகுதான் தெரியும். அப்படியும் நம்பி உட்கார்ந்திருக்கிறாரே, அதுதான் தைரியம்.

அமெரிக்காவில் ராபர்ட் பிர்ஸிக் என்பவர், 1968-ல் தன் பதினொரு வயது மகன் கிறிஸ்ஸைப் பின்னால் உட்காரவைத்து மினசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியா வரை பைக்கில் போனார். 1974-ல் அது புத்தகமாக வந்து லட்சக்கணக்கில் விற்றது. அதில் அப்பா வழியெல்லாம் தத்துவம் யோசிக்கிறார். பையன் வயிற்றுவலி என்கிறான், முரண்டு பிடிக்கிறான், அழுகிறான். கடைசியில் ஒருநாள் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறான். அப்போதுதான் அவனுக்குச் சாலையே தெரிகிறது!

'என் உயிர், என் இஷ்டம்' என்று தனியாகப் போகிறவர் சொல்லலாம். அதுவே பாதி நியாயம்தான். பின்னால் ஒருத்தர் ஏறியதும் அந்தப் பாதியும் போச்சு. 'அவங்களா இஷ்டப்பட்டுத்தானே ஏறினாங்க?' என்று கேட்பீர்கள். ஆமாம், காஞ்சிபுரம் போகச் சம்மதித்தார். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்து போகச் சம்மதித்தாரா? பிடிக்கவில்லை என்றால் பாதி வழியில் இறங்கிக்கொள்ளத்தான் முடியுமா? அவரால் முடிந்தது ஒன்றே ஒன்று... 'கொஞ்சம் மெதுவாப் போங்க' என்பது.

அதற்கு நம் பதில்? 'பயப்படாதே, நான் இருக்கேன்ல.' அவர் கவலையே நீங்கள் இருப்பதுதான் சார்!

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகப் பழைய சீவரம் வந்து, பாலத்தைத் தாண்டினால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்கே பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ம் நூற்றாண்டு. கோயிலில் தங்கி வேதம் படித்த மாணவர்களுக்குச் சாப்பாடு, படுக்கப் பாய், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு. அதோடு விடவில்லை. மாணவர்களுக்கும் கோயில் ஊழியர்களுக்கும் உடம்புக்கு வந்தால்? 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை. வைத்தியர், அறுவை செய்கிறவர், பார்த்துக்கொள்ளப் பெண்கள், கையிருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்.

நம்பி வந்தவர்களுக்கு என்னென்ன நேரலாம் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். ஒருத்தரை அழைத்துப் போவது என்றால் அதுதான் அர்த்தம்.

நாம் என்ன செய்கிறோம்? ஹெல்மெட் இருவருக்கும் கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் அதைக் கறாராக அமல்படுத்தினார்கள். இன்றைக்கும் சாலையில் பாருங்கள். முன்னால் இருக்கும் தலைக்கு ஹெல்மெட், பின்னால் இருக்கும் தலைக்கு மல்லிகைப்பூ! எந்தத் தலை உசத்தி என்று யார் முடிவு செய்தது?

பயப்படுகிறவர் சொல்வதெல்லாம் சரியா? இல்லைதான். சில பயம் வீண் பயம். ஆனால், கணக்குப் போடுங்கள். 75 கிலோமீட்டரை எண்பதில் போனால் 56 நிமிஷம். அறுபதில் போனால் 75 நிமிஷம். அவர் பயம் வீணாகவே இருந்தாலும் உங்களுக்கு நஷ்டம் 19 நிமிஷம். அது நிஜமாக இருந்து நீங்கள் கேட்காமல் போனால் வரும் நஷ்டத்துக்குக் கணக்கே கிடையாது.

அதனால், அடுத்த முறை வண்டியை எடுக்கும்முன் பின்னால் இருப்பவருக்கு ஓர் உரிமையைக் கொடுங்கள். மெதுவாக என்றால் மெதுவாக. நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். ஏன், எதற்கு என்பதையெல்லாம் ஓரமாக நிறுத்திவிட்டு, ஒரு டீ குடித்தபடி கேட்டுக்கொள்ளலாம்.