குடியிருத்தும் அறம்



நம் ஊர்களில் அன்னதானத்திற்குக் குறைவில்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றே அழைத்து வருகின்றோம். திருவிழாக் காலத்தில் உபயகாரர் ஒருவரை ஒருவர் முந்தி அரிசி மூட்டை இறக்குகின்றனர். உண்டு எழுந்தவரிடம் அந்தச் சோற்றைத் திருப்பிக் கேட்பார் எவருமில்லை. ஆனால் குடியிருக்க இடம் கொடுக்கும் அறம் அத்தனை இலகுவாக நடைபெறுவதில்லை. அதைப் பற்றியே இம்மலரில் சிறிது சிந்திக்க விழைகின்றேன்.

தானம் என்பதற்குச் சைவப் பெரியோர் கொண்ட பொருள் தெளிவானது. நீர் வார்த்து, “இனி இது என்னுடையதன்று” என்று சொல்லிக் கொடுப்பதே தானம். கொடுத்த பின்னர் கொடுத்தவருக்கு அப்பொருளில் பிடி இருக்கலாகாது. நம்மிடையே காணி உள்ளவர்கள் செய்வது பெரும்பாலும் இதுவன்று. “பாவம், ஒரு மூலையில கொட்டில் போட்டு இருந்திட்டுப் போகட்டும்” என்று விடுகிறார்கள். அது நல்ல மனம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அடுத்த வார்த்தையையும் கேட்க வேண்டும். கல்வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, தென்னம்பிள்ளை வைக்கக்கூடாது. முப்பது வருடம் அக்காணியைக் காவல் காத்து, கூட்டித் துப்புரவாக்கி வைத்திருந்தவருக்கு, வெளிநாட்டிலிருந்து அற்றோணித் தத்துவத்துடன் ஒருவர் வந்து நிற்கும் நாளில், போக இடம் இல்லை. அங்கே உதவி பெற்றவர் உண்மையில் யார் என்று கேட்டால் விடை சங்கடமானது.

இதன் விளைவைப் போருக்குப் பின்னர் கண்ணாரக் கண்டோம். 2012 ஆம் ஆண்டில் வடக்கு கிழக்கில் விரிவாகத் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில், புதிய வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. காணி தம்முடையதெனக் காட்ட முடிந்தவர்கள் அத்திவாரம் வெட்டினார்கள். பிறர் தயவில் இருந்தவர்களுக்கு உறுதியும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. எல்லாரிலும் வறியவர் அவர்களே. காணிக்காரரின் இரக்கம் அவர்களுக்கு நிழல் தந்தது, வீட்டைத் தரவில்லை. மலையகத்து லயன் அறையும் இவ்வகையே. வாடகை கேளாமல் கொடுத்த கூரைதான், ஆனால் தோட்டத்து வேலையோடு கட்டப்பட்ட கூரை.

காணிக்காரர் பக்க நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய மக்களுக்கான நலன்புரி நிலையங்கள் பல தனியார் காணிகளிலேயே இருந்தன. அவர்களிற் சிலர் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பொறுமை காத்தனர். மகளின் சீதனத்திற்கென்று வைத்திருந்த இரண்டு பரப்பையே விட்டுக்கொடுத்தவரும் உளர். மற்றையது சட்டப் பயம். எதிருரிமையோடு பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டால் காணி ஆண்டவருக்கே போய்விடும் என்பது 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவது. அப்பயத்தாலேயே சிலர் ஏழு, எட்டு வருடத்தில் ஆட்களை எழுப்பிவிடுகின்றனர். ஆனால் உடையவரின் அனுமதியோடு இருப்பவரின் இருப்பு எதிருரிமை ஆகாது. அனுமதியை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் இட்டால் உடையவருக்கும் பயமில்லை, இருப்பவருக்கும் நாளைக்கு எங்கே போவது என்ற ஏக்கமில்லை.

நாயன்மார் சரிதத்தில் இதற்கு இரண்டு விளக்குகள் உள. இளையான்குடி மாறனார் மழை இரவில் வந்த அடியாருக்கு அமுது செய்விக்க, விதைத்த நெல்லை வாரி வந்தார். அடுப்பெரிக்க விறகில்லாதபோது தம் வீட்டுக் கூரை மரத்தையே வெட்டிக் கொடுத்தார். மிஞ்சியதையன்று, தாம் படுத்திருந்த கூரையையே கொடுத்தார். மற்றவர் திங்களூர் அப்பூதியடிகள். தண்ணீர்ப்பந்தல் முதலிய அறங்கள் யாவற்றையும் நாவுக்கரசரின் பெயரால் செய்தார், தம் பெயரை எங்கும் இடவில்லை. இன்று ஒரு ஏழைக்குக் கட்டிக் கொடுக்கும் சிறு வீட்டின் முகப்பில் கொடையாளியின் பெயரும் இன்னாரின் ஞாபகார்த்தமாக என்பதும் பளிங்கிற் பொறிக்கப்படுகின்றன. அவ்வீட்டுப் பிள்ளை பாடசாலைக்குப் போகும்போதும் வரும்போதும் தன் வறுமையை வாசித்துக்கொண்டே போய்வருகிறது. நம் முன்னோரின் சங்கடப் படலையில் வழிப்போக்கன் களைப்பாறினான், பருத்தித்துறைத் தெருமூடி மடத்தில் வெயிலுக்கு ஒதுங்கினான். இவை பெருமைக்குரியவைதாம். எனினும் எல்லாச் சாதியாரும் அங்கே ஒன்றாக இருக்க விடப்பட்டனரா என்ற கேள்வியை நாம் கேட்காமல் விடுவது நேர்மையாகாது. காணியற்றோர் யாரென்று பார்த்தால் அக்கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை என்பது விளங்கும்.

காணி கொடுக்க விரும்புவோர் கொடுக்கும் விதமும் முக்கியம். நமது உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் தவறாமல் எழுதப்படுவது ஏன்? தண்ணீரும் பாதையும் இல்லாத நிலம் வெறும் மண். ஊருக்குப் புறத்தே வெள்ளம் நிற்கும் தரவையில் நாலு பரப்பைக் கொடுத்துப் பத்திரிகையிற் படம் போடுவதிலும், பாதையோரத்தில் ஒரு பரப்பை வழியும் கிணற்றுப் பங்கும் சேர்த்து நொத்தாரிசு முன் நன்கொடை உறுதியாக எழுதிவிடுவது எவ்வளவோ மேல். கூடுமானால் குடும்பப் பெண்ணின் பெயருக்கு எழுதலாம். குடிப்பழக்கத்தாலும் கடனாலும் காணி கைமாறிப் போவதை நாம் பார்த்திருக்கிறோம்.

இறுதியாகக் கோயில்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவையும் காணிக்காரரே. கோயிற்காணிகளில் பலர் தலைமுறையாகக் குடியிருக்கின்றனர். தரும சொத்தை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ பரிபாலகருக்கு உரிமை இல்லாதிருக்கலாம். நீண்டகாலக் குத்தகையை எழுத்தில் கொடுப்பதற்கு எது தடை? காஞ்சியில் மன்னன் எடுத்த கற்றளிக்குக் குறித்த நாளில், நின்றவூர்ப் பூசலார் மனத்தில் கட்டிய கோயிலுக்கு எழுந்தருளினான் இறைவன். இராசகோபுர வேலைக்கு உபயம் சேர்க்கும் பரிபாலன சபைகள், கோயிற்காணியில் இருக்கும் குடும்பங்களின் பெயர்ப் பட்டியலையும் குத்தகைப் பத்திரத்தையும் அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிற் சேர்த்துக்கொள்ளலாம்.