கிழியாத சட்டை

ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள் ஒரு கூரையின் கீழ் வளர்கிறார்கள். சோற்றையும் பாயையும் பெருநாள் புத்தாடையையும் பகிர்ந்துகொள்கிறார்கள். பின்னர்க் கல்வி ஒருவரை அழைக்கிறது. பிழைப்பு மற்றொருவரை அழைக்கிறது. ஒரே தட்டில் உண்டவர்கள் கடல்களுக்கு அப்பால் வெவ்வேறு திசைகளில் வாழ நேர்கிறது. அப்போது அவர்களிடையே பகிர்ந்துகொள்ள எஞ்சி நிற்பவை சொற்களே. கண்ட ஊர், கடந்த வழி, பட்ட பாடு பற்றிய சொற்கள். அந்தச் சொற்களில் எவ்வளவு உண்மை இருக்க வேண்டும் என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

இக்கேள்வி நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று நம் முன்னோர் கப்பலேறிய நாளிலிருந்தே இது நம்முடன் இருக்கிறது. 1973க்குப் பின் எண்ணெய் விலை உயர்ந்து, வளைகுடா நாடுகள் ஆட்களை வேண்டி நின்றபோது, இக்கேள்வி இன்னும் பல வீடுகளுக்குள் நுழைந்தது. அந்நாளில் நீல நிற வான்கடிதம் வந்தது. அடுத்து ஒலிநாடா வந்தது. அறையிலுள்ளவர்கள் உறங்கிய பிறகு தனியே அமர்ந்து பேசிப் பதிவு செய்த நாடாவை, ஊருக்குப் புறப்படும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். வீடே கூடியிருந்து அதைக் கேட்கும். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கியவர்களுள் எத்தனை பேர் உண்மையில் நலமாக இருந்தார்கள்? அதை அந்த நாடாக்கள் சொல்லவில்லை.

இப்போது நாடா இல்லை, கைப்பேசி இருக்கிறது. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாங்காட்டில், நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் அது மீண்டும் எழுந்தது.

மாங்காடு என்ற பெயரைக் கேட்டால் மாமரங்கள் நினைவுக்கு வரும். இன்று மரங்கள் குறைந்து வீடுகள் பெருகி, ஊர் நகராட்சியாகிவிட்டது. பூவிருந்தவல்லிக்கும் குன்றத்தூருக்கும் இடையில் ஓடும் பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவே, ஒரு சிறிய தெருவில் அந்த வீடு இருக்கிறது. அத்தா இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளைகள் மூவர். மூத்தவர் சவூதியின் தம்மாமில் வேலை பார்த்தார். நடுப்பெண் கோலாலம்பூரில் படித்தாள். இளையவன் ஜெர்மனியில் பொறியியல் படித்தான். அவனுடைய படிப்புச் செலவை மூத்தவரே ஏற்றிருந்தார். அம்மா மட்டும் மாங்காட்டில்.

மூவரும் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொருவரும் தாம் சென்று வந்த இடத்தைப் பற்றி, தம் குரலில் பேசி மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். அம்மா அதைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொள்வார்கள். சில வாரங்களில் நாமும் கேட்டதுண்டு.

தங்கையின் கதைகளில் சிரிப்பு நிறைந்திருக்கும். மின்ரயிலில் கண்ணயர்ந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, தண்டவாளம் முடியும் கிள்ளான் துறைமுகம் வரை போய் விழித்த கதை அதிலொன்று. தம்பியோ, ஞாயிற்றுக்கிழமை அந்நாட்டில் கடைகள் அடைத்திருக்கும் என்று அறியாமல், ஒரு நாள் முழுதும் ரொட்டித் துண்டும் தேநீருமாகக் கழித்ததைச் சொன்னான். பனிக்காலத்தில் கடைசி வண்டியைத் தவறவிட்டு, நிலையத்திலேயே விடியும் வரை நடுங்கிக்கொண்டிருந்ததையும் சொன்னான்.

அண்ணனின் கதைகள் வேறு வகை. அல்அஹ்ஸா பாலைவனச் சோலையைப் பற்றிப் பேசினார். இருபத்தைந்து லட்சம் பேரீச்ச மரங்கள் நிற்கும் அந்த இடத்தை 2018இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்ததைச் சொன்னார். கடலின் மேல் இருபத்தைந்து கிலோமீட்டர் நீண்டு சவூதியையும் பஹ்ரைனையும் இணைக்கும் பாலத்தைப் பற்றிச் சொன்னார். எல்லாம் அழகு; எல்லாம் சுகம். அவர் வண்டி பழுதானதில்லை, அவர் வழி தவறியதில்லை, அவருக்குப் பசித்ததுமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தங்கை கேட்டாள்: “அண்ணா, நீங்கள் ஒரு தடவைகூட வழி தெரியாமல் நின்றதில்லையா?”

விளையாட்டாகக் கேட்ட கேள்வி அது. ஆனால் இரண்டு நாள் மறுமொழி வரவில்லை. மூன்றாம் நாள் உண்மை வந்தது. அவர் வேலை செய்த நிறுவனம் ஐந்து மாதமாகச் சம்பளம் தரவில்லை. அறையில் பத்துப் பேருடன், பருப்பும் குப்பூஸும் தின்று நாளைக் கழித்துக்கொண்டிருந்தார். தம்பிக்கு அனுப்பிய பணம் கடன் வாங்கியது. பேரீச்சஞ் சோலைக்கும் கடற்பாலத்துக்கும் போனவர்கள் அறை நண்பர்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு, தாம் போனதுபோல் இவர் சொல்லியிருக்கிறார்.

விடுமுறையில் ஊர் வந்த இளையவன், அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்து அமர்ந்தான். “என்னைக் காப்பாற்ற அண்ணன் பொய் சொன்னார். நான் அவரைப் பாராட்ட வேண்டுமா, கோபிக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்” என்றான். அன்று நாம் அவனுக்கு முழுமையாக விடை சொல்லவில்லை. பல நாள் சிந்தித்ததை இங்கு எழுதுகிறோம்.

முதலில் அண்ணனின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். தந்தை இல்லாத வீட்டில் மூத்தவனே தந்தை. தன் வயிற்றைக் கட்டித் தம்பியின் படிப்பைக் காப்பது சிறிய செயலன்று. உறவைப் பேணி வாழ்பவரின் வாழ்வாதாரத்தில் இறைவன் பெருக்கம் அளிக்கிறான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். பிணங்கியவர்களை இணக்குவதற்காக நல்லதை எடுத்துச் சொல்பவன் பொய்யனாகான் என்பதும் அவர்கள் வாக்கே. அவ்வாறிருக்க, பாசத்தால் சொன்ன பொய்யை நாம் எப்படிக் குற்றம் என்போம்?

இங்கே யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நினைவு கூர்வது பொருந்தும். திருமறை ஒரே அத்தியாயத்தில் தொடர்ச்சியாக எடுத்துரைக்கும் அந்த வரலாறு, உடன்பிறந்தாரைப் பற்றியது, பயணத்தைப் பற்றியது, தொலைவில் பிரிந்து வாழ்ந்ததைப் பற்றியது. அதில் மூன்று இடங்களில் ஒரு சட்டை வருகிறது.

சகோதரர்கள் காட்டுக்குச் சென்று, யூசுபைக் கிணற்றில் எறிந்துவிட்டு, இரவில் அழுதுகொண்டே வீடு திரும்பினார்கள். ஓநாய் தின்றுவிட்டதென்று கதை சொன்னார்கள். பொய்யான இரத்தம் தோய்ந்த சட்டையைக் காட்டினார்கள். தந்தை யஃகூப் நபி (அலை) அவர்கள் அதை நம்பவில்லை. விரிவுரையாளர்கள் இதற்கு ஒரு காரணம் கூறுகிறார்கள்: சட்டையில் இரத்தம் இருந்தது, கிழிசல் இல்லை. பிள்ளையைத் தின்ற ஓநாய் சட்டையைக் கிழிக்காமலா விட்டிருக்கும்? கதையில் கிழிசல் இல்லாததே அது பொய் என்பதைக் காட்டிக் கொடுத்தது.

இரண்டாம் இடத்தில், எகிப்தில் யூசுப் நபியின் மீது பழி சுமத்தப்பட்டபோது, பின்புறம் கிழிந்திருந்த சட்டையே அவர்கள் தூய்மைக்குச் சான்றாயிற்று. மூன்றாம் இடத்தில், பல்லாண்டுகளுக்குப் பின் யூசுப் நபி அனுப்பிய சட்டை, அழுதழுது பார்வையிழந்திருந்த தந்தையின் கண்களுக்கு ஒளியைத் திருப்பித் தந்தது. கிழியாத சட்டை பொய் சொன்னது. கிழிந்த சட்டை உண்மை பேசியது.

யூசுபின் சகோதரர்களுடைய பொய்யையும் நம் மாங்காட்டு இளைஞரின் பொய்யையும் ஒரே தராசுத் தட்டில் வைப்பது அநீதி. அங்கே பொறாமை; இங்கே பாசம். ஆயினும் தங்கை எப்படி உண்மையைக் கண்டுகொண்டாள் என்பதைப் பாருங்கள். அண்ணனின் கதையில் கிழிசல் இல்லை. பயணம் என்றால் உறக்கமும் உணவும் கெடும் என்பதும், அது ஒருவகைத் துன்பமே என்பதும் நபிகளார் அறிவித்தவை. துன்பமே இல்லாத பயணக் கதையை உடன்பிறந்தவள் நம்பவில்லை.

இனித் தம்பியின் பக்கத்திற்கு வருவோம். அவனுடைய கோபத்திற்கு என்ன காரணம்? பேச்சை வளர்த்தபோது அவனே ஒன்றைச் சொன்னான். அந்த ஐந்து மாதத்தில் அவன் ஒரு தேர்வில் தோற்றிருந்தான். அதை அண்ணனிடம் சொல்லவில்லை. “அவர் அங்கே அவ்வளவு நன்றாக இருக்கிறார், நான் மட்டும் தோற்றேன் என்று எப்படிச் சொல்வது?” என்று மறைத்திருக்கிறான். அண்ணன் பசியை மறைத்தார். தம்பி தோல்வியை மறைத்தான். வாரந்தோறும் இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள்; ஒருவரை ஒருவர் அறியவில்லை. ஒருவர் தம் குறையை மூடி வைத்தால், கேட்பவரும் தம் குறையைச் சொல்ல வெட்குகிறார். நன்மைக்கென்று சொன்ன பொய் இருவரையும் தனிமைப்படுத்திவிட்டது. பிணங்கியவரை இணக்கச் சொல்லும் சொல்லுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுதான்: அது பிரிந்தவரைச் சேர்க்கிறது; இது சேர்ந்திருந்தவரைப் பிரிக்கிறது.

நம் தமிழில் ‘பங்காளி’ என்றொரு சொல் உண்டு. சொத்தில் பங்குடையவன் என்ற பொருளில் அதை வழங்குகிறோம். பல வேளைகளில் பகையோடு சேர்த்தே நினைக்கிறோம். ஆனால் உடன்பிறந்தவனுக்கு நிலத்தில் மட்டுமா பங்கு? துன்பத்திலும் அவனுக்குப் பங்குண்டு. அதை அவனுக்குத் தராமல் வைத்துக்கொள்வது, அன்பால் செய்தாலும், அவன் உரிமையைப் பறிப்பதேயாகும். தம்பி மாலை நேரத்தில் ஒரு வேலை தேடியிருப்பான். தங்கை தன் செலவைக் குறைத்திருப்பாள். பொய்க் கதை அவர்களைப் பங்காளிகளாக இருக்க விடாமல், வெறும் கேட்பவர்களாக்கிவிட்டது.

பயணிகளின் வரலாற்றில் இதற்கொரு சான்று உண்டு. 1325இல், 21 வயதில், மொராக்கோவின் தாஞ்சியரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதாவை நாம் அறிவோம். இலங்கையிலிருந்து ‘மாபார்’ எனப்பட்ட நம் கரையிலும் வந்து இறங்கியவர் அவர். சீன நாட்டில் ஒரு நகரில், மொராக்கோவின் சப்தா ஊரைச் சேர்ந்த அல்புஷ்ரீ என்பவரைச் சந்தித்ததாக அவர் தம் பயண நூலில் கூறுகிறார். அந்த மனிதர் அங்கே பெருஞ்செல்வராக விளங்கினார். ஆயினும் தாயகத்தைப் பற்றிய பேச்சு எழுந்ததும் இருவரும் அழுதுவிட்டார்கள். ஆண்டுகள் கடந்தன. தாயகம் திரும்பிய இப்னு பதூதா, 1351இல் மாலி நாட்டுக்குப் போகும் வழியில், சஹாராவின் விளிம்பிலுள்ள சிஜில்மாசாவில் ஓர் அறிஞர் வீட்டில் தங்கினார். அந்த அறிஞர், சீனாவில் கண்ட அல்புஷ்ரீயின் உடன்பிறந்தவர்! இருவருக்கும் இடையே இருந்த தொலைவை எண்ணி இப்னு பதூதா வியக்கிறார். நேர்கோட்டில் அளந்தாலும் அது பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

அந்த வீட்டில் அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை நூல் விவரிக்கவில்லை. ஆனால் நாம் எண்ணிப் பார்க்கலாம். “உம் சகோதரர் செல்வச் சிறப்போடு இருக்கிறார்” என்று மட்டும் சொன்னால் அது பாதிச் செய்தி. “ஊர்ப் பேச்சு எழுந்ததும் அழுதார்” என்பது மறுபாதி. முதற் பாதியைக் கேட்டவர் மகிழ்ந்திருப்பார். மறுபாதியைக் கேட்டால்தான் தம் சகோதரர் இன்னும் தம் சகோதரரே என்று அறிந்திருப்பார். நூலில் இப்னு பதூதா இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார்.

அப்படியானால் எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டிவிட வேண்டுமா? இல்லை. முதுமையும் நோயும் உடைய தாயிடம் அளவறிந்து சொல்லலாம். ஏற்ற வேளை வரும் வரை காத்திருக்கலாம். சொல்லாமல் பொறுத்திருப்பது வேறு. நடவாததை நடந்ததாகச் சொல்வது வேறு. தோளுக்குத் தோள் நிற்கக்கூடிய உடன்பிறந்தாரிடமோ காத்திருக்கவும் காரணம் இல்லை.

குற்றம் முழுவதையும் சொல்பவர் மேல் சுமத்தவும் நமக்கு மனமில்லை. வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தால், “பணம் அனுப்பியாச்சா?” என்று கேட்கும் வீடுகள் எத்தனை? “சாப்பிட்டாயா?” என்று கேட்டாலும், “சாப்பிட்டேன்” என்ற விடையைத் தவிர வேறொன்றைக் கேட்க விரும்பாத வீடுகள் எத்தனை? அண்டை வீட்டார் முன் பெருமை பேசுவதற்குப் பிள்ளையின் சுகம் நமக்குத் தேவைப்படுகிறது. பாலைவனத்தில் பிள்ளை பொய் சொல்லப் பழகுவதற்கு, நம் கூடத்தில் நாம் கேட்கும் கேள்விகளும் காரணம். உண்மையைக் கேட்டுத் தாங்கும் காது இருக்கிறதென்று தெரிந்தால்தான் உண்மை வாய் திறக்கும். தங்கையின் கேள்வி அத்தகைய காதைக் காட்டியது.

ஆகவே அந்த இளைஞனுக்கு நாம் இப்போது சொல்லும் விடை இது: உன் அண்ணனின் தியாகத்திற்கு நன்றி கூறு, அவர் பொய்யை மன்னித்துவிடு. மன்னித்ததோடு நில்லாமல், உன் தோல்வியை அவரிடம் நீயே சொல். அப்போதுதான் அவர் தனியாளல்லர் என்று அவருக்குப் புரியும்.

அவன் சொல்லிவிட்டான் என்று பின்னர் அறிந்தோம். மூத்தவருக்கும் வேறொரு வேலை கிடைத்தது. அதன் பின் அவர் உண்மையாகவே அல்அஹ்ஸாவுக்குப் போனார். திரும்பும் வழியில் தவறான வண்டியில் ஏறி, நள்ளிரவில் பெயர் தெரியாத இடத்தில் இறங்கி, செருப்பு அறுந்து வெறுங்காலோடு நடந்ததைச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை மாங்காட்டு வீட்டின் கூடத்தில் அம்மா கண்ணீர் வரச் சிரித்ததை நாம் பார்த்தோம்.

தொலைவில் வாழும் நம் பிள்ளைகளின் வழிகளை வல்ல இறைவன் இலேசாக்குவானாக. அவர்கள் சொல்லும் உண்மையைக் கேட்கும் மனத்தை நமக்கும் தருவானாக.